ஆமைக் கோட்டைக்கு ஒரு யாத்திரை

சீன தேசத்துக்குப் பிரயாணம் புறப்படுகிறவர்களை, "எங்கெங்கே போவதாக உத்தேசம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெய்ஜிங் என்பார்கள், பெருஞ்சுவர் என்பார்கள், ஷாங்காய் என்பார்கள். இன்னும் சற்று விஷயம் தெரிந்தவர்களாயிருந்தால், சியான் நகரத்தில் பூமிக்கடியிலிருந்து தோண்டி எடுத்த களிமண் போர்வீரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நம்மிடம் யோசனை கேட்க வந்த நண்பரின் காகிதத்திலும் இவை நாலும்தான் இருந்தன. நண்பருடன் அவருடைய தாயாரும், கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் பெண்ணும் வந்திருந்தார்கள். மூவருமாகத்தான் யாத்திரை. பெய்ஜிங்குக்கும் சியானுக்கும் நடுவே மூன்று நாள் ஒன்றும் எழுதாமல் காலியாக இருந்தது. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே கேள்வி.

நாம் தேசப்படத்தை விரித்து, இரண்டு நகரங்களுக்கும் இடையிலே ஒரு சிறு புள்ளியின் மேல் விரலை வைத்தோம். அந்தப் புள்ளிக்குப் பிங்யாவ் என்று பெயர்.

"கேள்விப்பட்டதே இல்லையே, மாமா!" என்றாள் பெண்.

கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை. சீனாவின் பிரம்மாண்டமான நகரங்களுக்கு முன்னால் பிங்யாவ் ஒரு தாலூகா கஸ்பா மாதிரி. கோட்டைக்குள் இருக்கும் பழைய நகரத்தின் பரப்பு இரண்டேகால் சதுர கிலோமீட்டர்தான். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணிக்கு மேல் சற்றுத்தான் ஆகும். ஆனால் அந்த இரண்டேகால் சதுர கிலோமீட்டருக்குள் கோட்டைச் சுவர், தெருக்கள், கச்சேரி, கோயில்கள், வியாபாரிகளின் வீடுகள் எல்லாம் பழைய அமைப்புக் குலையாமல் சேர்ந்தாற்போல் நிற்கின்றன. மற்ற ஊர்களில் ஒரு கோபுரம் மிஞ்சியிருக்கும், அல்லது ஒரு வாசல் மிஞ்சியிருக்கும். இங்கே ஊரே மிஞ்சியிருக்கிறது. 1997-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணமும் அதுவே.

போகும் வழியில் இரண்டு இடங்களில் ஏமாறாமல் இருக்க வேண்டும். பிங்யாவ் இருப்பது ஷான்ஸி மாகாணத்தில். அடுத்த மாகாணத்தின் பெயரும், நம் காதுக்கு, ஷான்ஸிதான்! முதல் அசையை உச்சரிக்கும் ஸ்வரத்தில் மட்டுமே வித்தியாசம். சியான் நகரம் இருப்பது அந்த இரண்டாவது ஷான்ஸியில். ஆகையால் மாகாணத்தின் பெயரை மட்டும் சொல்லி விசாரிக்காமல், ஊரின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். இரண்டாவது, பிங்யாவுக்கு ரயில் நிலையங்கள் இரண்டு. "பிங்யாவ்" என்று மட்டும் பெயருள்ளது பழைய நிலையம். கோட்டையின் மேற்குப் பக்கத்துக்குச் சமீபம். "பிங்யாவ் பழைய நகரம்" என்று பொருள்படும் பெயருள்ளது, 2014-இல் அதிவேக ரயிலுக்காகத் திறந்த புது நிலையம். பழைய நகரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நிலையம்தான் பழைய நகரத்திலிருந்து அதிக தூரத்தில் இருக்கிறது! பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் வந்தால் இங்கேதான் இறங்க வேண்டும். பிரயாணம் சுமார் நான்கு மணி நேரம். வெளியே வாடகைக் கார் கிடைக்கும்.

பழைய ரயில் பாதைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1930-களில் ஷான்ஸியை ஆண்ட யென் சீஷான் என்ற சேனாதிபதி, சீனாவின் பிற பாதைகளைப் போல் அகலமாகப் போடாமல், மீட்டர் கேஜ் பாதையாகப் போட்டார். செலவு குறையும் என்பது ஒரு காரணம். அயல் மாகாணத்து ரயில்கள் துருப்புகளை ஏற்றிக்கொண்டு தம் எல்லைக்குள் நுழைய முடியாது என்பது இன்னொரு காரணம் என்று சொல்வார்கள். பிற்பாடு பாதையை அகலமாக்கிவிட்டார்கள்.

இனி, கோட்டைக்கு வருவோம்.

இப்போதுள்ள கோட்டையைக் கட்டியது 1370-ஆம் ஆண்டில். மிங் வம்சத்து முதல் சக்கரவர்த்தியின் காலம். நடுவே இறுகக் குத்திய மண். வெளியே செங்கல் போர்வை. உயரம் ஏறக்குறைய பத்து மீட்டர். சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மதிலின் மேல் மூவாயிரம் ஞாயில்களும் எழுபத்திரண்டு காவல் கூண்டுகளும் உண்டு என்பார்கள். கன்பூசியஸ் முனிவருக்குச் சீடர்கள் மூவாயிரம் பேர், அவர்களில் ஞானியர் எழுபத்திரண்டு பேர் என்பது சீனர்களின் மரபு. சண்டைக்காகக் கட்டிய சுவரிலும் பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

வாசல்கள் ஆறு. தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று, கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு. இதனால் பிங்யாவுக்கு ஆமை நகரம் என்று பெயர். தெற்கு வாசல் தலை. அதற்கு வெளியே உள்ள இரண்டு கிணறுகள் கண்கள். வடக்கு வாசல் வால். பக்கத்து வாசல்கள் நான்கும் கால்கள். ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம் அல்லவா?

"ஆமை நகர்ந்து போய்விட்டால் என்ன செய்வார்கள், தம்பி?" என்று நண்பரின் தாயார் கேட்டார்.

கேலியாகக் கேட்டாரோ, நிஜமாகவே கேட்டாரோ, தெரியாது. ஆனால் பிங்யாவ் ஜனங்களுக்கும் அதே கவலை இருந்திருக்கிறது! ஆமையின் ஒரு காலைக் கயிற்றால் வெளியே உள்ள ஒரு ஸ்தூபத்தோடு கட்டிப் போட்டிருப்பதாக அவர்கள் கதை சொல்கிறார்கள். அம்மாளுக்கு இந்தப் பதில் பரம திருப்தியாயிருந்தது. அந்த நிமிஷத்திலேயே பிங்யாவ் அவருடைய ஜாபிதாவில் இடம் பெற்றுவிட்டது.

பெண்ணுக்கு வேறு தூண்டில் வேண்டியிருந்தது. அதற்கு ஊரின் மேற்குத் தெருவில் ஒரு வீடு இருக்கிறது.

பிங்யாவ் வியாபாரிகள் சீனாவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரையில் போய் வியாபாரம் செய்தவர்கள். சாயம், தேயிலை, துணி, தானியம் எல்லாவற்றிலும் கை வைத்தவர்கள். வியாபாரத்தில் லாபம் வந்தால் அந்த நாளில் அது வெள்ளிக் கட்டியாகத்தான் வரும். வெள்ளியை மூட்டை கட்டி, கோவேறு கழுதை மேல் ஏற்றி, மலைப் பாதை வழியாக ஊருக்கு அனுப்ப வேண்டும். வழியெல்லாம் திருடர். திருடருக்குப் பயந்து, சிலம்பமும் வாளும் கற்ற வஸ்தாதுகளைக் கூலிக்கு அமர்த்தித் துணைக்கு அனுப்புவார்கள். இப்படி வழிக்காவல் செய்வதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருந்தன.

சியூசெங் என்ற சாயக் கடைக்குப் பெய்ஜிங்கிலும் ஒரு கிளை உண்டு. முதலாளிகள் லீ குடும்பத்தார். காரியஸ்தர் லெய் லூதாய் என்பவர். பெய்ஜிங்கில் பிழைத்த பிங்யாவ்காரர்கள் அவரிடம் வந்து, "ஐயா, இந்தப் பணத்தை உங்கள் கடையில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் உள்ள கடையிலே எங்கள் வீட்டாருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்களாம். முதலில் சிநேகிதத்துக்காகச் செய்த காரியம். பிறகு கேட்கிறவர்கள் பெருகவே, சொற்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்தார். கடைசியில் சாயத்தைவிட இதுவே நல்ல வியாபாரம் என்று கண்டு, சுமார் 1823-ஆம் ஆண்டில் சாயக் கடையை மூடிவிட்டு, ரிஷெங்சாங் என்ற பெயரில் பணக்கடை திறந்தார்கள். உதய சூரியன், செழிப்பு என்னும் பொருள்கள் அடங்கிய பெயர். சூரியன் நன்றாகவே உதயமாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் கிளைகள் ஏற்பட்டன. ரிஷெங்சாங்கைப் பார்த்து மற்றவர்களும் பணக்கடை வைத்தார்கள். அந்த வியாபாரம் உச்சத்திலிருந்தபோது சீனா முழுவதிலும் ஐம்பத்தொரு கடைகள் இருந்தன என்றும், அவற்றில் இருபத்திரண்டுக்குத் தலைமையிடம் இந்தச் சின்ன ஊர் என்றும் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்தக் கடைகள் எழுதிக் கொடுத்த சீட்டை வேறு எந்தப் பெயரால் சொல்வது? உண்டியல் என்பதே சரியான சொல். கோயிலில் காசு போடும் உண்டியல் அல்ல. நம் நகரத்தார் பெருமக்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் எழுதினார்களே, அந்த உண்டியல்.

சீட்டு என்றால் போலிச் சீட்டும் உண்டு. அதற்கு ரிஷெங்சாங்கார் செய்த ஏற்பாடு மிகவும் ருசிகரமானது. தேதியையும் தொகையையும் வெளிப்படையாக எழுதியதோடு நிற்காமல், ரகசியக் குறியாகவும் எழுதி வைத்தார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு சீன எழுத்துக்கள். அவற்றை வரிசையாகப் படித்தால் மோசடிக்காரரைப் பற்றி எச்சரிக்கும் ஒரு வாக்கியமாகும். தேதிகளுக்கு முப்பது எழுத்துக்கள். தொகைக்கு வேறு எழுத்துக்கள். இவற்றை அவ்வப்போது மாற்றியும்விடுவார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்படி உள்ளே ஓர் அடையாளம் வேறு. போதாக்குறைக்கு, சீட்டு எழுதும் குமாஸ்தா இன்னாரென்று நியமித்து, அவருடைய கையெழுத்தின் மாதிரியை எல்லாக் கிளைகளுக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள்.

குமாஸ்தாக்களின் வாழ்க்கை சுகவாசமல்ல. வெளியூர்க் கிளைக்குப் போனால் மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பலாம். மனைவி மக்களை அழைத்துப் போகக்கூடாது. ஆனால் ஒரு நல்ல அம்சமும் இருந்தது. முதல் போட்டவருக்குப் பணப் பங்கு உண்டென்றால், உழைத்தவருக்கு உடல் பங்கு என்று ஒன்று உண்டு. நெடுநாள் நாணயமாக வேலை செய்தவர் கணக்கு முடிக்கும் ஆண்டில் முதலாளியோடு சேர்ந்து லாபத்தில் பங்கு பெறுவார். பொருளாதாரம் படிக்கும் பெண் இந்த இடத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

இத்தனை செல்வமும் எங்கே போயிற்று? 1911-இல் மஞ்சு அரசு கவிழ்ந்தது. நாடெங்கும் கலகம். கடன் வாங்கியவர்கள் திருப்பவில்லை. பணம் போட்டவர்கள் ஒரே சமயத்தில் வாசலில் வந்து நின்றார்கள். புது மாதிரி பாங்குகள் வேறு போட்டிக்கு வந்துவிட்டன. 1914-இல் ரிஷெங்சாங் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் மூடின. பிங்யாவ் ஏழை ஊராயிற்று.

இங்கேதான் நாம் நண்பருக்கு முக்கியமாகச் சொல்ல விரும்பிய விஷயம் இருக்கிறது. பிங்யாவ் பிழைத்தது யாருடைய பக்தியாலும் அல்ல, வறுமையால். பணமிருந்த ஊர்கள் பழைய மதிலை இடித்து ரஸ்தா போட்டன. பழைய வீட்டை இடித்து மாடி கட்டின. பிங்யாவில் இடிப்பதற்குக்கூடப் பணமில்லை. ஆகவே நின்றது.

கடைசியில் அதற்கும் ஆபத்து வந்தது. 1980-ஆம் ஆண்டு வாக்கில் ஊரைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டார்கள். கோட்டையை ஊடுருவி அகலமான சாலைகள். நடுவே வட்டமான சதுக்கம். மேற்குப் பக்கத்தில் வேலையும் தொடங்கி, மதிலில் ஒரு பகுதியும் பல பழைய வீடுகளும் போய்விட்டன. அந்தச் சமயத்தில் ஷாங்காயின் தோங்ஜி சர்வகலாசாலையிலிருந்து ருவான் யீசான் என்ற ஆசிரியர் வந்து பார்த்தார். பதறிப்போனார். "நிறுத்துங்கள், நான் வேறு திட்டம் போட்டுத் தருகிறேன்" என்றார். மாணவர்களை அழைத்து வந்து, ஊரை அளந்து, பழைய நகரத்தை அப்படியே விட்டுப் புது நகரத்தைக் கோட்டைக்கு வெளியே கட்டும்படி வரைபடம் தயாரித்தார். அதை எடுத்துக்கொண்டு பெய்ஜிங் வரையில் போய்ப் பெரிய நிபுணர்களின் ஆதரவைச் சம்பாதித்தார். திட்டம் மாறியது. 1986-இல் சீன சர்க்கார் பிங்யாவைச் சரித்திரப் பிரசித்தி பெற்ற நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆபத்து அதோடு தீர்ந்துவிடவில்லை. மண்ணாலான சுவருக்குத் தண்ணீர்தான் சத்துரு. 2004-இல் தெற்கு மதிலில் ஒரு பகுதி சரிந்தது. 2021 அக்டோபரில் ஷான்ஸியில் வழக்கத்தை மீறிய மழை நாள் கணக்கில் பெய்து, சுமார் இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு மதில் இடிந்து விழுந்தது. இன்னொரு மாதிரி இடிவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. உலகப் புகழ் வந்தபின் சர்க்கார் காரியாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் கோட்டைக்கு வெளியே மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்களும் வெளியேறினார்கள். வீடுகள் விடுதிகளாகிவிட்டன. பகலில் தெற்குத் தெருவில் நடந்தால், எல்லா ஊர்களிலும் விற்கும் அதே சீப்பும் அதே விசிறியும் அதே பட்டுச் சால்வையும் இங்கேயும் விற்கின்றன. ஒரே நாள் வந்து, அந்தத் தெருவை மட்டும் பார்த்துவிட்டு, பிங்யாவ் ஒரு பெரிய பஜார் என்று சொல்லிப் போகிறவர்கள் அநேகர்.

ஆகையால் நண்பருக்கு நாம் போட்டுக் கொடுத்த திட்டம் தலைகீழானது. எல்லோரும் கோட்டைக்குள்ளிருந்து தொடங்கி, வெளியே உள்ள இரண்டு கோயில்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். கடைசி நாள் ரயிலுக்கு நேரமாகிவிடும், கோயில்கள் விட்டுப்போகும். பிங்யாவின் தலைசிறந்த இரண்டு பொருள்கள் அந்தக் கோயில்களில் இருப்பவைதாம் என்பது நம் அபிப்பிராயம். முதல் நாள் மத்தியானம் வந்து இறங்கி இளைப்பாறுங்கள். இரண்டாம் நாள் காலையில், கால்களும் கண்களும் களைப்பில்லாமல் இருக்கும்போது, ஒரு கார் அமர்த்திக்கொண்டு நேரே கோயில்களுக்குப் போய்விடுங்கள்.

முதலாவது ஜென்குவோ கோயில். வடகிழக்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மர மண்டபம். மூன்றங்கண முகப்பு, பார்வைக்குச் சதுரம், அப்படியொன்றும் பெரிதல்ல. கட்டிய ஆண்டு 963. நம் ராஜராஜ சோழர் பட்டத்துக்கு வந்தது 985-இல். அதற்கும் இருபத்திரண்டு வருஷம் முந்தியது! கல்லாலான கட்டடம் ஆயிரம் வருஷம் நிற்பதில் நமக்கு வியப்பில்லை, இதுவோ மரம். தூண்களின் தலையில் கட்டைமேல் கட்டையாகக் கோத்து விரித்த போதிகைகள் ஆளுயரத்துக்கு எழும்பி, அகன்ற கூரையைத் தாங்குகின்றன. கட்டடத்துக்கு அவை பெரிதோ என்று தோன்றும். அதுவே அதன் கம்பீரம். உள்ளே புத்தரும் பரிவாரமுமாக, அதே காலத்துச் சுதைச் சிலைகள் பதினொன்று. வடக்கு ஹான் என்ற சிற்றரசின் காலத்தில் எழுந்த மண்டபம் இது. பதினாறு வருஷம் கழித்து, 979-இல், சோங் சக்கரவர்த்தி அந்த ராஜ்யத்தைப் பிடித்து, அதன் தலைநகரைக் கொளுத்தி, ஆற்று நீரைத் திருப்பிவிட்டு மூழ்கடித்தார். தலைநகரம் போயிற்று, கிராமத்து மண்டபம் நிற்கிறது.

இரண்டாவது, தென்மேற்கே ஆறு கிலோமீட்டரில் உள்ள ஷுவாங்லின் கோயில். 571-இல் இதைப் புதுப்பித்ததாக ஒரு பழைய கல்வெட்டு சொல்வதால், தொடக்கம் அதற்கும் முந்தியது. ஷுவாங்லின் என்றால் இரட்டை மரத் தோப்பு. எந்த இரட்டை மரம்? குசிநகரத்தில் புத்த பகவான் பரிநிர்வாணம் அடைந்தபோது இருபுறமும் நின்ற சால மரங்கள்! ஷான்ஸிக் கிராமத்துக் கோயில் நம் தேசத்து மரங்களின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இங்கே வர்ணம் தீட்டிய சுதைச் சிலைகள் இரண்டாயிரத்துக்கு மேல். பெரும்பாலும் மிங் காலத்தவை. வைக்கோலும் நாரும் கலந்த மண்ணை மரச் சட்டத்தின்மேல் பூசிச் செய்தவை. பதினெட்டு அருகதர்களைப் பார்த்தால் சிலை என்றே தோன்றாது. ஒருவர் நோயாளி, ஒருவர் முன்கோபி, ஒருவர் பேச வாய் வராமல், பேச வேண்டியதையெல்லாம் கண்ணில் வைத்துக்கொண்டிருக்கும் ஊமை. தெருவில் பார்த்த முகங்களைச் சிற்பி கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டான். கருணைத் தெய்வமான குவான்யின், ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, வேலை முடிந்து இளைப்பாறும் குடும்ப ஸ்திரீயைப் போல் உட்கார்ந்திருக்கிறாள்.

"நம்ம சுவாமி ஒன்றும் இல்லையா, தம்பி?" என்று அம்மாள் குறுக்கிட்டார்.

இருக்கிறார். ஆயிரம் புத்தர் மண்டபத்தில் குவான்யின் பக்கத்தில், கவசம் தரித்த இளம் சேனாபதி ஒருவர் நிற்கிறார். பெயர் வெய்தோ. பௌத்தக் கோயில்களின் காவல் தெய்வம். உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பி வில்லைப்போல் வளைந்திருக்கிறது. முகமோ எதிர்ப்பக்கம் பார்க்கிறது. அடுத்த கணம் பாய்ந்துவிடுவார் போலிருக்கும். சீனாவிலுள்ள வெய்தோ சிலைகளில் இதற்கு ஈடில்லை என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். இந்த வெய்தோ யார் என்றால், ஸ்கந்தனே என்பது அறிஞர் கருத்து. சம்ஸ்கிருதப் பெயரைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்து, அதைப் பிரதி செய்தவர்கள் எழுத்தை மாற்றிவிட, ஸ்கந்தன் வெய்தோ ஆனானாம்.

அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவு தூரமா போய் நிற்கிறான்!" என்றார்.

இந்த இரண்டு கோயில்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும். மண்டபங்களில் வெளிச்சம் குறைவு. சிலைகளுக்கு முன்னால் கம்பித் தடுப்பும் உண்டு. கண் பழக ஐந்து நிமிஷமாகும். அவசரப்பட்டால் தூசியைத்தான் பார்ப்பீர்கள்.

கோட்டைக்குள் தெருவில் நடப்பதற்குக் கட்டணமில்லை. மதில் மேல் ஏறவும் காட்சிச் சாலைகளுக்குள் போகவும் எல்லாவற்றுக்குமாகச் சேர்ந்த ஒரே சீட்டு. இருபது இடங்களுக்கு மேல் அந்தச் சீட்டில் போகலாம் என்பதற்காக இருபதுக்கும் போய்விடாதீர்கள்! ரிஷெங்சாங் கட்டாயம் பார்க்க வேண்டியது. பணக்கடைகளில் இன்னொன்று வேண்டுமானால், வெள்ளி வைத்திருந்த நிலவறைக்காக ஷியேதோங்சிங் கடையைப் பார்க்கலாம். மூன்றாவதும் நாலாவதும் வேண்டாம். கன்பூசியஸ் கோயிலின் பெரிய மண்டபம் 1163-இல் கட்டியது, அதைத் தவறவிடக்கூடாது. தாலூகா அதிகாரியின் பழைய கச்சேரி, விசாரணை மண்டபம், சிறை, அந்தப்புரம் எல்லாம் ஒரே வளைவுக்குள் அமைந்த தனி உலகம். அதற்கே ஒரு முற்பகல் ஆகும்.

தங்குவது கோட்டைக்குள்ளேயே இருக்கட்டும். பழைய வீடு ஒன்றில் தங்கினால் வீட்டின் அமைப்பைக் கண்ணால் படித்துவிடலாம். தெருப்பக்கம் ஜன்னலில்லாத உயர்ந்த சுவர். நம் ஊர் முற்றம் வைத்த வீடுகளைப் போலவே கூரையெல்லாம் உள்பக்கம் சரிந்திருக்கும். மழை நீர் முற்றத்தில்தான் விழ வேண்டும். வீட்டுச் செல்வம் பிறத்தியார் வாசலுக்குப் போகக்கூடாது என்ற வியாபாரி மனசு! பின்கட்டில் செங்கல் வளைவிட்டுக் குகைபோல் அமைந்த அறையில், காங் என்னும் செங்கல் மேடைமேல் படுக்கை. குளிர் காலத்தில் அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றுவார்கள். அயல் நாட்டவரைத் தங்க வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். எல்லாச் சிறு விடுதிகளிலும் அதற்கு ஏற்பாடு இராது. ரயில் சீட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பதினைந்து நாட்களுக்கு முன்னால் விற்பனை தொடங்கும். இந்தியருக்கு விசா இல்லாமல் முடியாது.

பருவம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும், அல்லது செப்டம்பரும் அக்டோபரும். அக்டோபரில் முதல் வாரம் மட்டும் கூடாது. அது சீனர்களின் தேசிய விடுமுறை. தெற்குத் தெருவில் எள் போட்டால் எள் விழாது. குளிர் காலத்தில் கூட்டமில்லை. ஆனால் தண்ணீர் உறையும் குளிர்.

சாப்பாட்டு விஷயத்தில் பிங்யாவின் கீர்த்தி மாட்டிறைச்சியில். ஆகவே மாமிசம் சாப்பிடாதவர்கள் ஒரு காகிதத்தில் சீன எழுத்தில் விஷயத்தை எழுதி வாங்கிக் கொண்டு போக வேண்டும். பட்டினி கிடக்க நேராது. ஷான்ஸி மாவுப் பண்டங்களின் நாடு. ஓட்ஸ் மாவைச் சுருள் சுருளாகச் செய்து தேன்கூடு மாதிரி அடுக்கி ஆவியில் வேக வைக்கிறார்கள். நம் இடியாப்பத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். சோளத்திலிருந்து வடிக்கும் காடி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ள வரும். புளிக்குப் பழகிய நாக்கு அதை வெறுக்காது.

பணம்? இங்கேதான் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இன்று சீனாவில் கறிகாய்க்காரர்கூடக் கைத்தொலைபேசியில்தான் பணம் வாங்குகிறார். கடை வாசலில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட படத்தைத் தொலைபேசிக்குக் காட்ட வேண்டியது, பணம் போய்விடும். நோட்டை நீட்டினால் சில்லறை தேடுகிறார்கள். அலிபே அல்லது வீசாட் செயலியில் நம் கடன் அட்டையை ஊரிலிருந்தே இணைத்துக்கொண்டு போய்விட வேண்டும். "லெய் லூதாய் இருந்தால் என்ன சொல்வார், மாமா?" என்றாள் பெண். "கட்டணம் எவ்வளவு என்று கேட்பார்" என்றோம்.

மூன்றாம் நாள் காலை மதில் மேல் நடப்பதற்கு என்று எழுதினோம். பழுது பார்க்கும் வேலைக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடிவிடுவதுண்டு. திறந்திருக்கும் வரையில் நடக்கலாம். மேலே நின்றால் ஒரு பக்கம் சாம்பல் நிறக் கூரைகளின் கடல். மறுபக்கம், ருவான் யீசான் வெளியே தள்ளிவைத்த புது நகரம்.

"படி செங்குத்தோ?" என்று அம்மாள் கேட்டார்.

பத்து மீட்டர் உயரம் என்பதை ஞாபகப்படுத்தினோம்.

"அப்படியானால் நீங்கள் சுற்றி வாருங்கள். நான் கீழே ஆமையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கண் கிணறு இரண்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

நண்பர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.